வெண்கலத்தைத் தாங்காத நாற்காலி

கிடங்குத் தெருவில் எல்லாராலும் வெண்கலம் என்று அழைக்கப்பட்டவர், ஒரு செவ்வாய்க்கிழமை காலை டீ குடிக்க உட்கார்ந்தபோது, அவருடைய சொந்த நாற்காலி அவரைத் தாங்கவில்லை. அது உடையவில்லை, சாயவும் இல்லை. அவர்தான் அதன் வழியாகக் கீழே இறங்கித் தரையில் போய் உட்கார்ந்தார். நாற்காலி நாலு காலையும் ஊன்றிக்கொண்டு அதே இடத்தில் நின்றது. இருக்கைப் பலகைக்கு மேலே அவருடைய மார்பும் தலையும் தெரிந்தன, கீழே மடங்கிய கால்கள் தெரிந்தன. டீ ஒரு சொட்டும் சிந்தவில்லை. மனைவி அவரை எழுந்திருக்கச் சொல்லிவிட்டுத் தான் உட்கார்ந்து பார்த்தாள், தாங்கியது. மகள் உட்கார்ந்தாள், அவளையும், அவள் மடியில் ஏறிய பூனையையும் சேர்த்துத் தாங்கியது. மறுபடி அவர் உட்கார்ந்தார், மறுபடி தரை. தச்சரைக் கூப்பிடலாம் என்று மூன்று பேரில் ஒருவரும் சொல்லவில்லை, ஏனென்றால் கோளாறு மரத்தில் இல்லை என்பது மூன்று பேருக்கும் தெரியும்.

அது கிடங்கை நம்பிப் பிழைத்த தெரு. கிடங்கு என்றால் ஒரு பெரிய வெட்டவெளி முற்றம், நடுவில் ஒரு கிரேன், சுற்றிலும் தகரக் கொட்டகைகள். லாரியில் வரும் சரக்கைக் கொக்கியில் மாட்டித் தூக்கி, முற்றத்தின் மறுபக்கம் இறக்க வேண்டும். கிரேனை இயக்குகிற விசையை ஒரு தடுப்புச் சுவருக்குப் பின்னால் வைத்திருந்தார்கள். அப்படிக் கட்டியவன் யாரென்று தெரியாது. அவன் அங்கே ஒரு நாள்கூட வேலை பார்த்தவனில்லை என்பது மட்டும் நிச்சயம். விசைக்காரருக்குச் சரக்கு தெரியாது, கொக்கிக்காரருக்கு விசை தெரியாது. இருவருக்கும் நடுவில் ஒரு மேடையில் நின்று குரல் கொடுப்பது வெண்கலத்தின் வேலை. குரல் வெண்கலம் மாதிரி என்று யாரோ சொல்லப்போய், பெயரே அதுவாகிவிட்டது. வேலைக்கு நாலே வார்த்தைதான்: தூக்கு, இறக்கு, மெல்ல, நிறுத்து. அவர் சொன்னதை விசைக்காரர் அப்படியே திருப்பிச் சொல்வார், சொன்ன பிறகுதான் விசையில் கை வைப்பார். இதற்கு மறுகுரல் என்று பெயர். மேடைக்கு ஏறுவதற்கு முன்னால் வெண்கலமும் சுவருக்குப் பின்னால் பல வருடம் விசை பிடித்து மறுகுரல் கொடுத்தவர்தான். மறுகுரல் இல்லாத குரல் வெறும் சத்தம் என்பது கிடங்கில் எல்லாருக்கும் முதல் நாளே சொல்லித்தரப்படுகிற பாடம்.

பழக்கம் அப்படியே வீட்டுக்கும் வந்துவிட்டது. மனைவி "சாப்பிட வாங்க" என்றால் கணவன் "சாப்பிட வர்றேன்" என்று சொல்லிவிட்டுத்தான் எழுந்திருப்பான். கடையில் "ஒரு சோப்பு" என்றால் கடைக்காரர் "ஒரு சோப்பு" என்பார். காதலிக்கிறவர்களுக்கு இது மிகவும் வசதியாக இருந்தது. சண்டை போடுகிறவர்களுக்குத்தான் சிரமம், வாங்குகிற திட்டையும் திருப்பிச் சொல்லியாக வேண்டும்; அதனாலேயே அந்தத் தெருவில் பாதிச் சண்டைகள் சிரிப்பில் முடிந்தன. கிளி வளர்ப்பானேன், கிடங்குத் தெருவில் ஒரு மருமகன் எடுத்தால் போதாதா என்று பக்கத்துத் தெருக்காரர்கள் கேலி செய்தார்கள். நல்ல பழக்கம்தான், யாரும் குறை சொல்ல முடியாது. நாற்காலியும் குடையும் அடுப்பும் அந்தத் திருப்பிச் சொல்லுதலின் பலத்தில்தான் தங்கள் வேலையைச் செய்துகொண்டிருக்கின்றன என்பது அப்போது ஒருவருக்கும் தெரியாது.

ஒரு மத்தியானம் இரும்புத் தகடுகளின் கட்டு ஒன்று கீழே வந்துகொண்டிருந்தது. கொக்கிக்காரர் அடியில் கட்டையைச் சரியாக வைத்துவிட்டு வெளியே வரத் திரும்பினார். செருப்பு வார் அறுந்தது, குனிந்தார். வெண்கலம் "நிறுத்து" என்றார். மறுகுரல் வரவில்லை. சுவருக்குப் பின்னால் விசைக்காரரோடு மேலாளர் நின்று தன்னுடைய புது மோட்டார் சைக்கிளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார், மேலாளர் பேசும்போது குறுக்கே குரல் கொடுப்பது மரியாதையில்லை என்று விசைக்காரர் நினைத்தார். வெண்கலம் இன்னொரு தடவை "நிறுத்து" என்றார். தகடுகள் முழுவதும் இறங்கிய பிறகு சுவருக்குப் பின்னாலிருந்து "நிறுத்து" என்று பதில் வந்தது. கொக்கிக்காரருக்கு மனைவியும் ஒரு மகனும் இருந்தார்கள்.

வெண்கலம் கொக்கிக்காரரின் உடலோடு ஆஸ்பத்திரிக்குப் போயிருந்த நேரத்தில் மேலாளர் மற்ற எல்லாரையும் கொட்டகைக்குள் கூட்டினார். தப்பு கிடங்குடையது என்றால் கிடங்கை மூடிவிடுவார்கள், செத்தவருடையது என்றால் மூடமாட்டார்கள், விஷயம் அவ்வளவுதான். "அவரே உள்ள போய் நின்னாரு" என்றார் மேலாளர். விசைக்காரர் திருப்பிச் சொன்னார். லாரிக்காரர்கள் சொன்னார்கள், காவலாளி சொன்னார், கொட்டகையின் மூலையில் நின்றவர்களும் சொன்னார்கள். கொட்டகையை விட்டு வெளியே வந்தபோது முற்றத்தில் கிடந்த அறுந்த செருப்பைக் காணவில்லை. எடுத்துப் போட்டவர் யாருமில்லை, அது அங்கே இருப்பதற்கான காரணம்தான் போய்விட்டது.

விசாரணை அதிகாரியிடம் வெண்கலம் மட்டும், "நான் ரெண்டு தடவை நிறுத்துன்னு சொன்னேன் சார், மறுகுரல் வரல" என்றார். அதிகாரி மற்றவர்களைப் பார்த்தார். அவர்கள் தங்கள் கால்களைப் பார்த்தார்கள். வெண்கலம் பெரிய உத்தமர் ஒன்றும் இல்லை. மாமனாரிடம் அவர் அவிழ்த்துவிட்ட புளுகுகளை மூட்டை கட்டினால் கிரேன்தான் தூக்க வேண்டும். ஆனால் இந்த ஒரு சொல் அவருடைய தொண்டையிலிருந்து போன சொல். எத்தனையோ வருடமாகச் சுமைகளை அந்தரத்தில் அசையாமல் பிடித்து வைத்த சொல். அதைச் சொல்லவே இல்லை என்று சொன்னால், அந்த வருடங்களில் மேடையில் நின்றது யார் என்ற கேள்வி வந்துவிடும் என்று அவருக்குத் தோன்றியது. கொக்கிக்காரர் குடும்பத்துக்குச் சேர வேண்டியது சேர வேண்டும் என்றும் நினைத்தார். அதிகாரி தலையாட்டிவிட்டுக் கிளம்பினார், மறுநாளிலிருந்து மேடையில் வேறொருவர் நின்றார்.

தெரு கூடிப் பேசி எந்த முடிவும் எடுக்கவில்லை. யாரும் அவரை அடிக்கவில்லை, திட்டவில்லை, கடையில் சாமான் இல்லை என்று சொல்லவில்லை. அவர் சொல்வதைத் திருப்பிச் சொல்லவில்லை, அவ்வளவுதான். "ஒரு சோப்பு" என்று கேட்டால் கடைக்காரர் பேசாமல் எடுத்து வைத்தார். வீட்டில் வந்து தேய்த்தால் அது நுரைக்கவில்லை. "நல்லாருக்கீங்களா" என்று கேட்டால் எதிரே வந்தவர் பேசாமல் கடந்து போனார். வெண்கலம் போன திசையில் தெருவே கொஞ்சம் நீண்டுவிட்டது போல நடக்க நடக்க வீடு வரவில்லை. மழையில் குடை விரித்தால் குடைக்கு உள்ளேயும் பெய்தது. டீக்கடை பெஞ்சு முதலில் அவரைப் பாதி தாங்கியது, பிறகு கால்வாசி. ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள்; ஊர் தானாகவே வாயை மூடிக்கொண்டால் என்ன நடக்கும் என்று பழமொழி சொன்னவர்கள் யோசித்துப் பார்க்கவில்லை.

வீட்டுக்குள் மட்டும் எல்லாம் ஒழுங்காக இருந்தது, ஏனென்றால் மனைவி கதவைச் சாத்திக்கொண்டு தாழ்ந்த குரலில் மறுகுரல் கொடுத்து வந்தாள். "சட்டை எங்க" என்றால் "சட்டை இங்க" என்பாள், சட்டை உடம்பில் நிற்கும். ஆனால் சுவர்களுக்கும் காது உண்டு. குழாயடியில் பெண்கள் அவளுக்கு மறுகுரல் கொடுப்பதை விட்டார்கள். அவளுடைய அடுப்பு எரிந்தது, ஆனால் சுடவில்லை. மத்தியானம் வரை கொதிக்காத தண்ணீருக்கு முன்னால் அவள் உட்கார்ந்திருந்தாள். பிறகு மகளுடைய முறை வந்தது. அவள் தையல் கம்பெனியில் வேலை பார்த்தாள். காலையில் அவள் தைத்த தையல்கள் சாயந்திரம் துணியை விட்டுத் தனியாக உதிர்ந்தன. ஒரு திங்கட்கிழமை, துணி மடித்துக்கொண்டே மனைவி சொன்னாள்: "என்னங்க, நான் எத்தன நாளைக்கு உங்களுக்கும் சேத்துப் பேசிக்கிட்டு இருக்கறது? இனிமே என்னால முடியாது. அவளையாவது காப்பாத்துவோம்."

"காப்பாத்துவோம்" என்றார் வெண்கலம். மனைவி சொன்னதை அவர் திருப்பிச் சொல்லாமல் இருந்ததே இல்லை.

மறுநாள்தான் அந்தச் செவ்வாய்க்கிழமை. நாற்காலியில் உட்கார்ந்து பார்த்து அவள் எழுந்தபோது, அவளுக்கு அழுகை வந்தது, ஆனால் ஏன் அழுகிறாய் என்று அவர் கேட்டால் பதில் சொல்லக் கூடாது என்பதால் அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள். அடுப்பு சுட்டது. மகள் மட்டும் இன்னும் சில நாள் "அப்பா" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாள், ஒரு நாளுக்கு ஒரு தடவை, செருப்பு மாட்டும்போது, தரையைப் பார்த்து. பிறகு அதுவும் போயிற்று. அவளுடைய மூக்கு அவருடைய மூக்கை அச்செடுத்த மாதிரி இருக்கும் என்று பிறந்ததிலிருந்து எல்லாரும் சொல்வார்கள். அந்த மூக்கு மெல்ல மெல்ல வேறு வடிவத்துக்கு வந்து, ஒரு நாள் யாருடையதும் இல்லாத அழகான மூக்காகி முடிந்தது. அதைப் பார்த்தபோதுதான் வெண்கலம் முதல் தடவையாகப் பயந்தார்.

அவர் சும்மா இருக்கவில்லை. அறையில் தனியாக நின்று நாற்காலியைச் சுட்டிக்காட்டி "நாற்காலி" என்பார். எதிர்ப்பக்கம் போய் நின்று, குரலை மாற்றி, விசைக்காரர் மாதிரி "நாற்காலி" என்பார். பிறகு உட்காருவார், தரையில் இருப்பார். தன் முதுகைத் தானே தட்டிக்கொடுத்துக்கொள்கிற காரியம் என்று அவருக்கே தெரிந்தது. கொஞ்ச நாளில் இன்னொரு கஷ்டம் வந்தது: நேற்று நாற்காலி என்று சொன்னதும் இன்று நாற்காலி என்று சொல்வதும் ஒரே பொருளைத்தானா என்று சந்தேகம் வந்தது. நேற்றும் இதைத்தான் சொன்னோம் என்று அவருக்கு ஞாபகம் இருந்தது. அந்த ஞாபகம் சரிதானா என்று கேட்கத்தான் ஆளில்லை. கேட்க ஆளில்லாத இடத்தில் சரியும் தப்பும் ஒரே மாதிரி இருந்தன.

விசைக்காரர் வீட்டு மாடியில் ஒரு தத்துவப் பேராசிரியர் குடியிருந்தார். விஷயம் கேள்விப்பட்டு அவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தார். தெருவிலேயே வெண்கலத்தோடு பேசியவர் அவர் ஒருவர்தான். பேசினாரே தவிர எதையும் திருப்பிச் சொல்லவில்லை, அது அவருடைய படிப்பின் வழக்கமும் இல்லை. நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, தரையில் இருந்தவரிடம் நெடுநேரம் விளக்கினார். "அர்த்தங்கிறது நம்ம தலைக்குள்ள பூட்டி வெச்சிருக்கற சாமான் இல்லைங்க. நாலு பேர் சேர்ந்து பொழைக்கிற பொழைப்புல இருக்கு. நீங்க அந்தப் பொழைப்புக்கு வெளிய போயிட்டீங்க. அதனால நாற்காலி உங்களுக்கு நாற்காலியா இல்ல. உங்க கண்ணுல கோளாறும் இல்ல, புத்தியில கோளாறும் இல்ல." அவர் சொன்னதில் ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை. வெண்கலம் கேட்டுவிட்டு, "அப்ப சார், நான் ஒரே ஒரு தடவை நாற்காலின்னு சொல்றேன். நீங்களும் சொல்லுங்க, போதும்" என்றார். பேராசிரியர் மாடியை நினைத்தார், விசைக்காரரை நினைத்தார், அந்த வாடகைக்கு வேறு இடம் கிடைக்காது என்பதையும் நினைத்தார். "யோசிச்சுச் சொல்றேங்க" என்று எழுந்தார். அவரை அதற்குப் பிறகு அந்தப் பக்கம் பார்க்க முடியவில்லை.

ஒரு நாள் வெந்நீர்ப் பாத்திரம் சரிந்து வெண்கலத்தின் கை வெந்தது. "வலிக்குது" என்றார். மனைவி அறையில்தான் இருந்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டு சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றாள். கையில் ஏதோ நடந்துகொண்டிருந்தது. அது வலியா, அரிப்பா, குளிரா, இல்லை ஏதாவது ஞாபகமா என்று அவரால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. கத்துவதற்கு வாய் திறந்தார், எதற்காகக் கத்துவது என்று தெரியாமல் மூடினார். தோல் உரிந்த கையை முகத்துக்கு முன்னால் பிடித்து, அது யாரோ தன்னிடம் கொடுத்துவிட்டுப்போன பொருள் போல, சாயந்திரம் வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தார். வாழ்க்கையில் இதைவிடக் கொடுமையான ஒன்று அவருக்கு நடந்ததில்லை. கொடுமை என்ற சொல்லும் அவரிடம் அப்போது இல்லை.

ஆறிய கையோடு அவர் கொக்கிக்காரர் வீட்டுக்குப் போனார். தெருவில் மற்றவர்கள் எல்லாருக்கும் கிடங்கு வேண்டும், அதனால் அவர்கள் வாய் திறக்க மாட்டார்கள். இவள் அப்படியில்லை, இவள் புருஷனுக்காகத்தானே இத்தனையும் என்று நினைத்தார். ஒரு ஆள் திருப்பிச் சொன்னால் போதும், நாற்காலி தாங்கும், மூக்கு திரும்பி வரும், அதிகாரியைத் திரும்பக் கூப்பிடலாம். அவள் கதவைத் திறந்தாள். அவர் வாசற்படிக்கு வெளியே நின்று, "நான் நிறுத்துன்னு சொன்னேன் தங்கச்சி" என்றார்.

கொக்கிக்காரர் மனைவி அவரை மேலும் கீழும் பார்த்தாள். வாசற்படிக் கல்லில் அவருடைய பாதம் கணுக்கால் வரை புதைந்திருந்தது. "நான் உங்ககிட்ட எதையும் கேக்கலையே அண்ணே," என்றாள். "என் பையனுக்கு அவங்கப்பா வேலையத் தர்றேன்னு சொல்லியிருக்காங்க. நீங்க சொன்னதையே சொல்லிக்கிட்டு இருந்தா அது நடக்காது." உள்ளே அந்தப் பையன், மீசை முளைத்த ஆள், சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தான். அவள் புருஷன் சாப்பிடும்போதெல்லாம் கிடங்குக் கதைகளைச் சொல்வார், எந்தக் குரலுக்கு எவன் வாய் தானாகத் திறக்கும் என்று அவளுக்குத் தெரியும். அவள் நிமிர்ந்து நின்று, மேடையில் நிற்கிற ஆளைப் போல, ஒவ்வொரு சொல்லையும் தனித்தனியாக எறிந்தாள்: "அவரே உள்ள போய் நின்னாரு."

தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும். அவரிடம் யாரும் குரல் கொடுத்து மாதக்கணக்காகிவிட்டது, வாய் அதற்காகப் பசித்திருந்தது. "அவரே உள்ள போய் நின்னாரு" என்று திருப்பிச் சொல்லி முடித்த பிறகுதான், தான் என்ன சொன்னோம் என்பது வெண்கலத்துக்குக் கேட்டது. பாதத்துக்குக் கீழே கல் கெட்டியாயிற்று. வெந்த கையில் பழைய வலி மொத்தமாக, வலியாகவே, வந்து சேர்ந்தது, அவர் அந்த வாசலிலேயே உட்கார்ந்து ஓவென்று அழுதார். அவள் உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். "தண்ணி" என்றாள். "தண்ணி" என்றார். அது தாகத்தைத் தீர்த்தது.

அதற்குப் பிறகு எல்லாம் சுலபம். சாயந்திரத்துக்குள் தெரு முழுவதும் தெரிந்துவிட்டது. கடைக்காரர் தானாகக் கூப்பிட்டு நலம் விசாரித்தார், குடை மழையை மறித்தது, நாற்காலி தாங்கியது. மகள் "அப்பா" என்றாள், மூக்கு திரும்பி வந்தது, முன்னைவிடச் சற்றுப் பெரிதாக. மனைவி ஒரு வாரம் அவருடைய முகத்தைப் பார்க்க வெட்கப்பட்டாள், பிறகு வெட்கமும் பழகிவிட்டது. மேலாளரே வந்து கையைப் பிடித்து மேடைக்கு அழைத்துப் போனார். வெண்கலம் "தூக்கு" என்றார், சுமை எழுந்தது. "இறக்கு" என்றார், இறங்கியது. "மெல்ல" என்றார், மெல்ல இறங்கியது. "நிறுத்து" என்றார். விசைக்காரர் "நிறுத்து" என்று அழகாகத் திருப்பிச் சொல்லி விசையை இழுத்தார். சுமை தன்பாட்டுக்கு இறங்கிக்கொண்டே இருந்தது.

அந்தச் சொல் செத்துவிட்டது. அதை ஒருவர் சொன்னார் என்பதைத் தெரு முழுவதும் கைவிட்டபோது அவர் ஒருவர்தான் தாங்கிப் பிடித்திருந்தார். அவரும் விட்டதும் அது விழுந்துவிட்டது. தெருவில் யார் சொன்னாலும் எதுவும் நிற்கவில்லை. சண்டைகள் சிரிப்பில் முடிவது போயிற்று, முடிவதே போயிற்று. ஆனால் மனிதன் எதற்கும் பழகுகிறவன். கிடங்கில் கனமான கட்டைகளை அடுக்கிச் சுமையை அவற்றின்மேல் விழவிட்டார்கள். சுமை வந்து சேர்வதற்குள் கட்டையை அடுக்கிவிட்டு வெளியே ஓடிவருவது கொக்கிக்காரரின் வேலையாயிற்று. புதுக் கொக்கிக்காரன் செத்துப்போனவரின் மகன். நன்றாக ஓடுவான் என்று மேலாளர் பாராட்டினார்.

ஒரு நாள் கொக்கிக்காரர் மனைவி வெண்கலத்தின் வீட்டுக்கு வந்தாள். மகனுடைய சட்டை முதுகில் கிழிந்திருந்ததாம், கட்டு ஒன்று உரசிக்கொண்டு போயிருக்கிறது. "அண்ணே, அன்னிக்கு நீங்க நிறுத்துன்னு சொன்னீங்கல்ல? இப்பச் சொல்லுங்க. நான் திருப்பிச் சொல்றேன். ரெண்டு பேர் சொன்னா அதுக்கு உயிர் வந்துடும்." வெண்கலம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். இருக்கைப் பலகையின் இரண்டு ஓரத்தையும் கையால் பிடித்துக்கொண்டார். சமையலறை வாசலில் மனைவி கரண்டியோடு நின்றாள், மகள் தைத்துக்கொண்டிருந்தவள் ஊசியை அப்படியே வைத்துக்கொண்டு பார்த்தாள். வந்தவளை வெறுக்க அவருக்குக் காரணம் இருந்தது, ஆனால் அப்போது அவரிடம் இருந்தது வெறுப்பு இல்லை, பயம். தரை எவ்வளவு சில்லென்று இருக்கும் என்பது அவருக்கு மட்டும்தான் தெரியும். "அவரே உள்ள போய் நின்னாரும்மா," என்றார். அவள் திருப்பிச் சொல்லாமல் எழுந்து போனாள்.

அன்றிலிருந்து அவள் கிடங்கின் வாசலில் வந்து நின்றாள். கிரேன் நகரும்போதெல்லாம் "நிறுத்து" என்பாள். யாரும் திருப்பிச் சொல்லவில்லை. முதலில் அவளுடைய குடை போயிற்று, பிறகு அவள் சாய்ந்து நின்ற சுவர். மகன் அவளுக்காக வெட்கப்பட்டு வேறு பக்கம் பார்ப்பான். "அம்மா, எனக்கு வேலை போயிடும்மா, வீட்டுக்குப் போ" என்று ஒரு தடவை வந்து சொன்னான். அவள் போகவில்லை. வெண்கலம் மேடையில் நின்றபடி காதில் பஞ்சு வைத்துக்கொண்டார், தன் வாயை அவருக்குத் தெரியும்.

வெகு நாள் கழித்து ஒரு அறை அளவுக்கு மரப்பெட்டி ஒன்று வந்தது. உள்ளே ஏதோ இயந்திரம் என்றார்கள். அன்று கட்டைகள் மழையில் ஊறிக் கனத்திருந்தன. மகன் கடைசிக் கட்டையைப் புரட்டிக்கொண்டிருக்கும்போது பெட்டி அவன் தலைக்கு மேலே வந்துவிட்டது. வாசலில் இருந்து அவள் "நிறுத்து" என்று கத்தினாள். பெற்ற வயிற்றிலிருந்து வந்த அந்தக் குரலுக்குப் பஞ்சு ஒரு தடையில்லை. வெண்கலம் எதையும் தீர்மானிக்கவில்லை. தீர்மானித்திருந்தால் நாற்காலியைத்தான் தேர்ந்தெடுத்திருப்பார். அவருடைய வாய் தன்பாட்டுக்குத் திறந்து "நிறுத்து" என்றது.

பெட்டி நின்றது. மகனுடைய தலைக்கு மேலே ஒரு கை உயரத்தில், லேசாகச் சாய்ந்து, நின்றது. விசைக்காரர் ஏற்றிப் பார்த்தார், இறக்கிப் பார்த்தார், அசையவில்லை. கடைசியில் ஏணி வைத்துச் சங்கிலியைக் கழற்றினார்கள். கழற்றிய பிறகும் அது அங்கேயே இருந்தது. மேலாளர் ஓடிவந்து என்ன நடந்தது என்று கேட்டார். எல்லாரும் மகனைப் பார்த்தார்கள். அவன் பெட்டியைப் பார்த்தான், மேடையைப் பார்த்தான், வாசலைப் பார்த்தான். பிறகு துடைத்த முகத்தோடு, "அதுவே வந்து நின்னுச்சு சார்" என்றான். விசைக்காரர் திருப்பிச் சொன்னார். லாரிக்காரர்கள் சொன்னார்கள், காவலாளி சொன்னார். மேடையில் இருந்த வெண்கலத்தின் வாய் அந்த ஒரு தடவை மட்டும் திறக்கவில்லை. அவர் இறங்கி வீட்டுக்கு வந்து, நாற்காலியைத் தொட்டுக்கூடப் பார்க்காமல், டீயைத் தரையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். மகள் அவருடைய முகத்தைப் பார்த்துவிட்டு, மூக்கை ஒரு தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

பெட்டி இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறது. வெயில் காலத்தில் முற்றத்தில் வேறு நிழல் கிடையாது என்பதால் அதற்குக் கீழே ஒரு நீளமான பெஞ்சு போட்டார்கள். பெட்டியின் அடிப்பலகையில் ஒரு குருவி கூடு கட்டியிருக்கிறது. மத்தியானம் கொக்கிக்காரன் அங்கே உட்கார்ந்துதான் சாப்பிடுகிறான். புதிதாக வருகிறவர்கள் மேலே பார்த்துத் தயங்கினால், "அதுவே வந்து நின்னுச்சு, பயப்படாம உக்காருங்க" என்பான், அவர்கள் திருப்பிச் சொல்லிவிட்டு உட்காருவார்கள். அந்த நேரத்தில் கிடங்குச் சுவருக்கு வெளியே ஒரு கிழவரும், அவனைப் பெற்ற கிழவியும் வந்து நிற்பார்கள். வெயிலோ மழையோ, குடை இருக்காது, இருந்தாலும் பயனில்லை. அவர் "நிறுத்து" என்பார். அவள் "நிறுத்து" என்பாள். சுவருக்கு உள்ளே அவன் சாப்பிட்டு முடித்து, கை கழுவி, பாத்திரத்தை மூடுகிற சத்தம் கேட்கும் வரைக்கும் மாறி மாறிச் சொல்லிக்கொண்டே இருப்பார்கள். பெஞ்சு நீளமானது, ஐந்தாறு பேரைத் தாங்கும்.